வாத்தியார் மகள் எழுதிய மனு

நம் வயதுக்காரர்களில் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்தச் சிலருக்காகத்தான் இதை எழுதுகிறேன். சின்னவர்கள் படித்தால் கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்பார்கள். என்றுவிட்டுப் போகட்டும்.

போன மாதம் கட்சி அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். கட்சிக்கு விழா எடுக்கிறார்களாம், மலர் போடுகிறார்களாம். முதல் தலைவர் என் தகப்பனார், அத்தாவின் படம் வேண்டுமென்றார்கள். தேடி எடுத்துக் கொடுத்தேன். எழுதி வைத்திருந்த கட்சி வரலாற்றையும் எனக்கு வாசித்துக் காட்டினார்கள். அதில், "தொடக்கத்திலேயே கொள்கை வேறுபாட்டால் சிலர் விலகிச் சென்றனர்" என்று ஒரு வரி வந்தது. தேநீர் குடித்துவிட்டு, துஆ செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அந்தக் கொள்கை வேறுபாட்டுக்கு அப்போது ஒன்பது வயது. இரட்டைச் சடை போட்டிருந்தது. அது நான்தான்.

மலாயாவின் ஈப்போ பட்டணத்தில் ஆற்றுக்கு இந்தப் பக்கம் எங்கள் ஜவுளிக்கடை இருந்தது. கீழே கடை, மேலே வீடு. கைலிக் கட்டுகளைப் பிரிக்கிற நாளில் கஞ்சிப்பசை வாசம் மாடி அடுப்படி வரைக்கும் ஏறி வரும். புகையில் உலர்த்திய ரப்பர்ச் சீட்டு ஏற்றிய மாட்டுவண்டிகள் வாசலில் போனால் அந்த வாசத்தையெல்லாம் புகை நெடி தூக்கிச் சாப்பிட்டுவிடும். பின் ஜன்னலைத் திறந்தால் வெள்ளைப் பாறையாக மலை. அம்மா அந்த ஜன்னலை ஒரு சாண் அளவுக்குத்தான் திறக்க விடுவார். அந்த ஒரு சாணில் எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் எனக்கு உலகம்.

அப்படியிருக்க ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து அத்தா ஒருவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார். லகாட் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டுகிறவர். அங்கிருந்து நடந்தே வந்து தொழுதிருக்கிறார். கெண்டைக்காலில் நாய் கடித்த புண். கைலி அதில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது.

"வெள்ளிக்கெழம ரெண்டு மணி நேரம் விடுங்கன்னு கேட்டேன் மொதலாளி. தொழுவப் போறவனுக்கு இனிமே பிரட்டுல பேரு இல்லேன்னுட்டாரு கிராணி. சரி, தொரைகிட்டயே கேப்போம்னு பங்களாவுக்குப் போனேன். நாய அவுத்து விட்டுட்டாரு."

காலையில் தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி ஆளெடுக்கும் பிரட்டில் பேர் இல்லையென்றால் அன்றைக்கு வேலை இல்லை. அது எனக்கே தெரியும். ஆனால் நாயை அவிழ்த்து விடுவார்கள் என்று தெரியாது. அத்தா புது மல் துணிக் கட்டிலிருந்து பரக்கென்று கிழித்துப் புண்ணைக் கட்டினார். விற்பனைத் துணியை அளக்காமல் அத்தா கிழித்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். என்னைக் கேட்டால் கட்சி பிறந்தது அன்றைக்கு. அத்தா பின்னாளில் செய்ததையெல்லாம் சொல்லப்போகிறேன். அதனால் இதையும் சொல்லிவிட வேண்டும்: அந்த நேரத்தில் அவர் கண் கலங்கியிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் மாடிக் கூடத்தில் நாற்பது பேர் உட்கார்ந்தார்கள். அத்தாவின் கூடப்பிறந்தவர் எங்கள் மாமி. அவர் கணவரான மாட்டு வியாபாரி மாமா முன்வரிசையில். சிலிபின் பக்கத்திலிருந்து ரயில்வேயில் வேலை பார்ப்பவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். அவர்களோடு தமிழ்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார். நாங்கள் பெண்கள் படுதாவுக்குப் பின்னால். சங்கம் வைப்பது என்று முடிவானது. ஜில்லாவை ஆளுகிற பெரிய துரைக்கு மனுப் போடுவது என்றும் முடிவானது. தோட்டத்து முஸ்லிம்களுக்கு வெள்ளிக்கிழமை இரண்டு மணி நேரம் விடவேண்டும், பட்டணத்தை நிர்வகிக்கும் போர்டில் நம் ஆள் ஒருவரை உட்காரவைக்க வேண்டும் என்று இரண்டு கோரிக்கைகள்.

மனு இங்கிலீஷில் இருக்க வேண்டும். எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"நான் எழுதித் தாறேன்" என்றார் வாத்தியார்.

மெலிந்த மனிதர். பேச ஆரம்பித்தால் மட்டும் கூடமே அடங்கிவிடும். அத்தா பேசும்போது வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தவர்கள் வாத்தியார் பேசும்போது மடிப்பதை நிறுத்தியதைப் படுதா ஓட்டை வழியாகப் பார்த்தேன். அத்தாவும் அதைப் பார்த்தார்.

இரண்டு நாள் கழித்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம், முன்பக்கம் துணி மறைத்த ரிக்‌ஷா ஒன்று வாசலில் நின்றது. வாத்தியாரும் ஒரு பெண்ணும் இறங்கினார்கள். அவர் மகள். பன்னிரண்டு வயது. தாயில்லாப் பிள்ளை. மிஷன்காரர்கள் நடத்திய பெண்கள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். நம் வீட்டுப் பெண்பிள்ளை இங்கிலீஷ் பள்ளிக்கூடம் போவதென்றால் அந்தக் காலத்தில் என்ன பேச்சு வரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சங்கதி இதுதான்: வாத்தியாருக்கு இங்கிலீஷ் வாசிக்க வரும், எழுத வராது. எழுதப்போவது மகள். சிலிபினில் அவர்கள் இருந்தது பலகைச் சுவர் வீடு. பக்கத்து வீட்டில் இருமினாலும் கேட்கும். ஆகவே எங்கள் வீட்டுச் சரக்கு அறையில் வைத்து எழுதலாம் என்று யோசனை சொன்னதே அத்தாதான்.

என்னை அழைத்து அத்தா சொன்னார்: "இந்தா, யாராச்சும் கேட்டா, அக்கா ஒனக்கு ஓதிக்குடுக்க வருதுன்னு சொல்லு. வேற ஒரு வார்த்த வெளிய போகக்கூடாது. புரியுதா?"

எனக்கு ஓதிக்கொடுக்கவா? நான் அப்போது குர்ஆனின் முப்பது ஜுஸ்வில் இருபத்தெட்டு முடித்திருந்தேன். தெருவிலேயே என் வயதில் அவ்வளவு தூரம் போனவள் கிடையாது. அது ஒன்றுதான் எனக்கென்று இருந்த பெருமை. அதையும் எடுத்து அவளுக்குப் பாயாக விரித்துவிட்டார் அத்தா.

எட்டு மத்தியானங்கள் அவள் வந்தாள். வாத்தியார் தமிழில் சொல்லுவார், அவள் கொஞ்ச நேரம் கூரையைப் பார்ப்பாள், அப்புறம் குனிந்து எழுதுவாள். பேனா முள் தாளில் நடக்கிற சத்தம் எலி அரிசியைக் கொறிப்பது போலக் கேட்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்து விசிறி வீச வேண்டும். மைக்கூட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கனத்த நீலக் கண்ணாடியில் செய்த மைக்கூடு அது. எந்த வீடு மாறும்போது தொலைந்ததோ.

இதற்கு முன்பு ஒரு நாள் எனக்கும் எழுதக் கற்றுக்கொடுங்கள் என்று அத்தாவிடம் கேட்டிருந்தேன். "ஒனக்கு ஓதத் தெரியுமில்ல, அது போதும். பொம்பளப் புள்ள யாருக்குக் கடுதாசி போடப் போறே?" என்று சிரித்தார். அதே அத்தா இப்போது அவள் எழுதி முடித்த தாளை இரண்டு கையாலும் ஏந்தி, மை காய வாயால் ஊதினார். பச்சைப்பிள்ளைக்குக் கஞ்சி ஆற்றுகிறவர் மாதிரி ஊதினார். "மாஷா அல்லா! அச்சுல ஊத்தின மாதிரி இருக்கே!" என்றார். அத்தாவுக்கு அதில் ஓர் எழுத்தும் தெரியாது.

அவள் கெட்டவள் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "தங்கச்சி, கை வலிக்குதா? வெசிறிய வச்சிடு லா" என்பாள். நான் வைக்கமாட்டேன். இன்னும் வேகமாக வீசுவேன், தாள் பறக்கட்டும் என்று. அவள் வலது நடுவிரலில் எப்போதும் ஒரு நீலக்கறை இருக்கும். ஒருநாள் அவள் போனபின் என் விரலை மைக்கூட்டில் முக்கி அதே இடத்தில் கறை செய்துகொண்டேன். சாயங்காலம் வரைக்கும் அந்த விரலைத் தனியாக நீட்டிவைத்துக்கொண்டு நடந்தேன். அம்மா பார்த்துவிட்டுப் புளி போட்டுத் தேய்த்தார். தோல் உரிந்ததே தவிர, கறை போக மூன்று நாளானது. அந்த மூன்று நாளும் எனக்குச் சந்தோஷம்.

மனு முடிந்த அன்றைக்கு அத்தா கடையிலிருந்து ஒரு துணி எடுத்து வந்தார். ஊதாப் பட்டு. சீனாவிலிருந்து வந்திருந்தது, வெளிச்சத்தில் திருப்பினால் உள்ளே பச்சை ஓடும். பெருநாளைக்கு அது வேண்டும் என்று நான் இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்த துணி. விற்கிற சரக்கைக் கேட்காதே என்று சொல்லியிருந்தார். அதை அவள் மடியில் வைத்து, "நீ எனக்கு மக மாதிரி" என்றார்.

நான் விசிறியைக் கீழே வைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் வாத்தியார் மனுவை வாசித்துப் பொருள் சொன்னார். "தொரைமாரு கையெழுத்து மாதிரியே இருக்கே!" என்று ரயில்வேக்காரர்கள் வியந்தார்கள். எழுதத் தெரிந்தவர்கள் கையெழுத்துப் போட்டார்கள், மற்றவர்கள் கட்டைவிரலை உருட்டினார்கள். நாய்க்கடிபட்டவர் விரலை வெகுநேரம் அழுத்திவைத்திருந்தார் என்று அம்மா சொன்னார். இரண்டு வாரத்தில் தலைவர், செயலாளர் தேர்வு. தலைவராக வாத்தியாரைப் போடலாம் என்று ரயில்வேக்காரர்கள் பேசிக்கொண்டு படியிறங்கினார்கள்.

மறுநாள் மாமி வந்திருந்தார். வெற்றிலையை இடித்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"ஏண்டி, வாத்தியார் மவ ஒனக்கு ஓதிக்குடுக்க வருதாமே? போன வருசமே பாதி குர்ஆன் முடிச்சேன்னாங்க. எல்லாம் மறந்துபோச்சா? மண்டு."

"நான் ஒண்ணும் மண்டு இல்ல."

"பின்ன எதுக்கு அவ வரா?"

"அவ எனக்கு ஓதிக்குடுக்க வரல. மனு எழுத வந்தா. அந்த மனுவ எழுதுனதே அவதான். அவங்க அத்தாவுக்கு எழுதவே தெரியாது!"

உலக்கை நின்றது. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். என் நெஞ்சுக்குள் ஏதோ ஒரு கட்டி உடைந்து இதமாகப் பரவியது. அந்தச் சுகம் இன்றைக்கும் எனக்கு நினைவிருக்கிறது. அப்படி ஒரு சுகம் அதற்கப்புறம் என் வாழ்நாளில் கிடைக்கவில்லை. வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

அடுத்த கூட்டத்தில் மாமா எழுந்தார். இன்னும் அனுப்பாத மனு அவர் கையில் இருந்தது.

"நம்ம எல்லார் பேரும் இதுல இருக்கு. பெரியவங்க கைநாட்டு இருக்கு. இத எழுதுனது யாரு வாத்தியாரே?"

வாத்தியார் தயங்கினார். "நான் சொன்னதுதான் அதுல இருக்கு."

"அத நான் கேக்கல. எழுதுனது மிஷன் பள்ளிக்கூடத்துல படிக்கிற ஒங்க மவதானே? ஒரு பொம்பளப் புள்ள எழுதுன காகிதத்துலயா நாங்க வெரல வச்சோம்? அதுவும் இதே வீட்ல ஒக்காந்து எழுதியிருக்கு." மாமா என் அத்தா பக்கம் திரும்பினார். "மச்சான், ஒங்களுக்கு இது தெரியுமா?"

கீழே தெருவில் கச்சான் கடலை விற்கிற சீனக்கிழவரின் மணி கேட்டது. படுதாவுக்கு இந்தப் பக்கம் அம்மா என் தோளைப் பிடித்திருந்த கை இறுகியது. நான் அத்தாவின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தெரியும் என்று சொல்லிவிடுவார், எல்லாம் முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன்.

"எனக்குத் தெரியாது" என்றார் அத்தா. "எம் மவளுக்கு ஓதிக்குடுக்க வருதுன்னுதான் சொன்னாங்க."

வாத்தியார் அத்தாவைப் பார்த்தார். அத்தா பாயின் ஓரத்தைப் பார்த்தார். வாத்தியார் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஊதாப் பட்டு என்று சொன்னாலே போதும். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார்.

"ஆமா. இவருக்குத் தெரியாது. தப்பு என்னோடது" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். ரயில்வேக்காரர்கள் அத்தனை பேரும் அவர் பின்னால் இறங்கினார்கள். மரப்படி வெகுநேரம் அதிர்ந்தது.

அன்றையிலிருந்துதான் கட்சி என்ற சொல்லே வந்தது. அதுவரைக்கும் அது வெறும் சங்கம். 'நீ ஜவுளிக்கடைக் கட்சியா, வாத்தியார் கட்சியா?' என்று பாசாரிலும் பள்ளிவாசலிலும் கேட்டார்கள். அத்தா தலைவரானார். மனுவை வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா ஒருவரை வைத்து வேறு தாளில் எழுதினார்கள். ஒரு சொல்கூட மாற்றவில்லை. மாற்ற வேண்டியதில்லை, இங்கிலீஷ் அவ்வளவு நன்றாக இருக்கிறது என்று குமாஸ்தா சொன்னாராம். மறுபடி எல்லாரும் விரல் வைத்தார்கள். சிலிபின் பக்கத்து ஆட்களின் பெயர் மட்டும் அதில் இல்லை.

மாதங்கள் கழித்துப் பதில் வந்தது. போர்டு விஷயத்தைக் கவனிக்கிறோம் என்றார்கள். சில தோட்டங்களில் வெள்ளிக்கிழமை விட்டார்கள். லகாட் பால்வெட்டுக்காரர் வந்து அத்தாவின் இரண்டு கைகளையும் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அத்தா ஒற்றவிட்டார்.

வாத்தியாருக்குச் சம்பளம் கொடுத்த பள்ளிக்கூடக் கமிட்டியில் மாமாவின் ஆட்கள்தான் அதிகம். முதலில் மகளை மிஷன் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினார். அப்புறமும் அவரை இருக்கவிடவில்லை. ஒருநாள் காலை எங்கள் கடை வாசல் வழியாக மாட்டுவண்டி ஒன்று போனது. இரண்டு தகரப் பெட்டி, ஒரு பாய்ச்சுருட்டு, வாத்தியார், அவள். கோலா கங்சாருக்குப் போகிறார்கள் என்று அம்மா சொன்னார். நான் முன்ஜன்னலில் நின்றேன். அவள் அண்ணாந்து என்னைப் பார்த்து, கையை ஆட்டிச் சிரித்தாள். நான் உள்ளே போய்விட்டேன்.

இப்போது யோசித்தால் ஒன்று புரிகிறது. யார் சொன்னது என்று அத்தா கடைசிவரை என்னைக் கேட்கவேயில்லை. அவ்வளவு கண்டிப்பான மனிதர், ஒரு அடி அடிக்கவில்லை. அந்த வருஷம் பெருநாளைக்கு அதே ஊதாப் பட்டில் மிச்சமிருந்ததை எடுத்து எனக்குப் பாவாடை தைக்கச் சொன்னார். நான் கேட்கவில்லை, அவராகவே கொடுத்தார். என் பொறாமையை மட்டும்தான் எனக்கு அப்போது தெரியும். வாத்தியார் பேசும்போது வெற்றிலை மடிக்காமல் கேட்டுக்கொண்டிருந்த அந்தக் கூடத்தின்மீது அவருக்கு இருந்த பொறாமை தெரியாது. நாங்கள் அத்தாவும் மகளும் ஒரே நோய்க்காரர்கள்.

எனக்குக் கல்யாணமாகி, ஜப்பான்காரன் வந்து போய், அத்தா மவுத்தாகி, நான் பேரப்பிள்ளைகளின் பலகையைப் பார்த்துத் தமிழ் எழுதப் பழகினதெல்லாம் தனிக்கதை. என் கடைசி மகளைக் கோலா கங்சாரில் கட்டிக்கொடுத்தோம். சம்பந்தி வீட்டு விருந்தில் ஓர் அம்மாளைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கோ வந்த இங்கிலீஷ் கடுதாசியைப் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஊரில் எந்தப் பெண்ணுக்குக் கடுதாசி வந்தாலும் அவரிடம்தான் போவார்களாம். கூரையைப் பார்த்து யோசித்த விதத்தில் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

"ஜவுளிக்கடை மொதலாளி மவளா! தங்கச்சி!" என்று என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

சாப்பாட்டுக்குப் பின் இருவரும் தனியாக உட்கார்ந்தோம். அவளாகவேதான் அந்தப் பேச்சை எடுத்தாள்.

"எங்க அத்தாதான் வெளிய சொல்லிட்டாங்கன்னு நெனச்சேன் தங்கச்சி. பெருமையடிச்சுக்கிற பழக்கம் அவங்களுக்கு உண்டு. எம் மவ எழுதினான்னு யார்ட்டயோ சொல்லித்தான் எல்லாம் போச்சுன்னு. 'நான் சொல்லல'ன்னு சத்தியம் பண்ணாங்க. நான் நம்பல. அந்தப் பள்ளிக்கூடத்த நெனச்சுக்கிட்டு அவங்க சாகுற வரைக்கும் மொகம் குடுத்துப் பேசல. சோறு போடுவேன், பேசமாட்டேன்."

சொல்லாமல் எழுந்துவிடலாமா என்று பார்த்தேன்.

"நாந்தான் சொன்னேன்" என்றேன். "மாமிகிட்ட நாந்தான் சொன்னேன். எங்க அத்தாவுக்கும் எல்லாம் தெரியும். தெரியாதுன்னு பொய் சொன்னாங்க."

வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த விரல் நின்றது.

"அப்ப ஒனக்கு என்ன வயசு?"

"ஒம்பது."

"ஏன் சொன்னே?"

"பொறாம."

அவள் வெற்றிலையை மடிக்காமல் அப்படியே தட்டில் வைத்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

"எந்திரி. போலாம்."

"எங்கே?"

"எங்க அத்தா இந்த ஊர்லதான் அடங்கியிருக்காங்க. நீயே வந்து அவங்ககிட்ட சொல்லு."

அடக்கஸ்தலத்துக்குள் பெண்கள் போகக்கூடாது என்பதால் வேலிக்கு வெளியே நின்றோம். மூன்றாவது வரிசையில் ஒரு புன்னை மரத்தடியைக் காட்டினாள். நல்ல வெயில். ஸலாம் சொல்லிவிட்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் சத்தமாகச் சொன்னேன். மண்டு என்றது, மாமி, என் அத்தாவின் பொய், எல்லாம். சொல்லி முடித்துவிட்டு அவள் அழுவாள், அல்லது என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

அவள் என்னைக் கவனிக்கவே இல்லை. வேலிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அத்தா" என்றாள். அப்புறம் பேச ஆரம்பித்தாள். மூத்த பேத்தி பரீட்சையில் பாஸானதைச் சொன்னாள். முட்டி வலியைச் சொன்னாள். இந்த வருஷம் ஆற்றில் வெள்ளம் வீட்டுப் படிவரை வந்ததைச் சொன்னாள். பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்த பிள்ளை மாதிரி, மூச்சுவிடாமல், சிரித்துச் சிரித்துச் சொன்னாள். நான் தள்ளிப்போய் மரநிழலில் நின்றுகொண்டேன்.

என் அத்தா ஈப்போவில் இருக்கிறார். பெரிய கல் வைத்து, கட்சியின் பெயரும் பொறித்திருக்கிறார்கள். வருஷத்துக்கு ஒருமுறை அந்த வேலி ஓரம் போய் நின்று யாசீன் ஓதிவிட்டு வருவேன். அவரிடம் சொல்வதற்கு எனக்கு ஒரு பேச்சும் இருந்ததில்லை. அந்த வெயிலில், அவள் பேசி முடிக்கும்வரை நின்றுகொண்டிருந்தபோது, எனக்கு அவள்மேல் பொறாமையாகத்தான் இருந்தது.